கீழே பார்க்கிங்கில் தீ வைத்தால் மாடி வீடு என்ன ஆகும்?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பக்கத்துத் தெருவில் ராத்திரி யாரோ பைக்குகளைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள். எங்களுடையது மூன்று மாடி ஃபிளாட். கீழே பார்க்கிங், நடுவில் ஒரே படிக்கட்டு. கேமரா வைத்தால் போதுமா?"

கேமரா வையுங்கள். ஆளைப் பிடிக்க உதவும். ஆனால் 'ஒரே படிக்கட்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான். சென்னையில் எத்தனையோ சின்ன ஃபிளாட்டுகளில் பைக்குகள் படியை ஒட்டித்தான் நிற்கின்றன. படிக்கு அடியில் ஈபி மீட்டர் போர்டு, அதன் பக்கத்திலேயே பழைய மெத்தை, அட்டைப்பெட்டி. ஒரு பைக் பற்றினால் பிளாஸ்டிக், சீட்டு, டயர் கக்கும் கரும்புகை படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறும். நெருப்பு எட்டாத மூன்றாவது மாடியிலும் புகை உயிரை வாங்கிவிடும்.

அதனால் இந்த வாரமே படியைச் சுற்றிக் காலி செய்யுங்கள். வண்டிகளைக் காம்பவுண்டு சுவர்ப் பக்கம் தள்ளி, கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். பார்க்கிங் தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பெட்ரோல் டியூப் உருகினால் எரியும் பெட்ரோலும் அதே வழியில்தான் ஓடும். தண்ணீர் படிப்பக்கம் வந்தால் அங்கே வண்டியே கூடாது. மீட்டர் போர்டு பக்கத்தில் ஈ-ஸ்கூட்டர் சார்ஜ் போடுவதையும் நிறுத்துங்கள். ரெக்சின், நைலான் பைக் கவர் எளிதில் பற்றும், ராத்திரியில் வேண்டாம்.

ஏபிசி பவுடர் தீயணைப்பான், ஆறு கிலோ, ஒன்று வாங்கி கேட் பக்கம் மாட்டுங்கள். அதன் அழுத்த மீட்டரின் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், அதனால் ஆரம்பத் தீக்கு மட்டும்தான். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும்.

ராத்திரி தீ என்று சத்தம் கேட்டால் எல்லோரும் வண்டியைக் காப்பாற்றக் கீழே ஓடுவார்கள். தயவுசெய்து ஓடாதீர்கள். கதவைத் திறக்கும் முன் புகை தெரிகிறதா என்று பாருங்கள். படியில் புகை நிறைந்திருந்தால் மொட்டைமாடிக்கும் போக வேண்டாம். கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துணி வைத்து, பால்கனிக்குப் போய் 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். எந்த மாடியில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், யாராவது மிரட்டியிருந்தால் 'சும்மா பேச்சு' என்று விடாதீர்கள். ஸ்டேஷனில் எழுத்து மூலம் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள். குடியிருக்கும் வீட்டை அழிக்கும் நோக்கத்தில் தீ வைத்தால், பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 326-வது பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு. கேமரா படங்கள் பதிவாகும் டிவிஆர் பெட்டியை ஏதாவது ஒரு வீட்டுக்குள் வையுங்கள்; பார்க்கிங்கில் இருந்தால் சாட்சியும் சேர்ந்து எரியும்.

பைக்குக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் எரிந்த வண்டிக்குப் பணம் வராது. முழு பாலிசி வேண்டும். வீட்டுக்கு 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி தீயோடு, பிறர் வேண்டுமென்றே செய்யும் சேதத்தையும் ஏற்கிறது. கிளெய்ம் செய்ய எஃப்ஐஆர், தீயணைப்புத் துறை அறிக்கை இரண்டையும் கேட்பார்கள். சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எரிந்த வண்டியை அப்புறப்படுத்தாதீர்கள்.