தென் அட்லாண்டிக்கில், அர்ஜென்டினாவும் பிரிட்டனும் உரிமை கோரும் ஃபாக்லாந்து தீவுகளுக்கு ‘மால்வினாஸ்’ என்ற பெயர் எப்படி வந்தது? எழுதும்போது எந்தப் பெயரைப் போடுவது?

மால்வினாஸ் என்பது ஸ்பானியர்கள் வைத்த பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதன் வேர் பிரான்சின் மேற்கு மூலையில், பிரிட்டனி கடற்கரையில் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டுத் துறவி ஒருவரின் பெயர் அது: மாலோ.

அவர் வேல்ஸிலிருந்து கடல் கடந்து வந்து அலெத் என்ற ஊரில் ஆயராக இருந்தார் என்பது மரபு. பிரிட்டனியை நிறுவியவர்களாக அங்கே போற்றப்படும் ஏழு புனிதர்களில் ஒருவர். பிரெண்டன் என்ற துறவியோடு கடலில் போனபோது, தீவு என்று நினைத்துத் திமிங்கிலத்தின் முதுகில் இறங்கிப் பூசை வைத்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்த கதை. அலெத்துக்கு எதிரே பாறைத் தீவில் எழுந்த ஊர் அவர் பெயரையே எடுத்துக்கொண்டது: சென் மாலோ.

மாலுமிகளின் ஊர் அது. 1534ல் ழாக் கார்த்தியே கனடாப் பக்கம் புறப்பட்டது அங்கிருந்துதான். 1746ல் ஆங்கிலேயரிடமிருந்து மதராஸைப் பிடித்த லா பூர்தொனே பிறந்ததும் அங்கேதான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும்.

சரி, தீவுகளுக்கு வருவோம். 1763ல் பிரெஞ்சுக் கடலோடி புகேன்வில் சென் மாலோவிலிருந்து இரண்டு கப்பல்களில் கிளம்பினார். கனடாவின் அக்காடியாவிலிருந்து ஆங்கிலேயர்கள் விரட்டிய குடும்பங்கள் சிலவும் கூடப் போயின. அடுத்த ஆண்டு கிழக்குத் தீவில் குடியிருப்பு அமைத்தார்கள். பிரெஞ்சில் அந்தத் தீவுகள் ‘மாலுவீன்’ ஆயின, அதாவது சென் மாலோக்காரர்களின் தீவுகள். 1767ல் பிரான்ஸ் குடியிருப்பை ஸ்பெயினிடம் ஒப்படைத்தது. ஸ்பானியர்கள் பெயரை மாற்றவில்லை, தங்கள் வாய்க்கு வந்தபடி மால்வினாஸ் என்றார்கள். ஃபாக்லாந்து என்பது ஓர் ஆங்கிலப் பிரபுவின் பட்டப்பெயர். 1690ல் அங்கே வந்த கப்பல் தலைவர் ஜான் ஸ்டிராங், இரு பெரிய தீவுகளுக்கும் நடுவில் உள்ள நீரிணைக்கு வைத்தது; பிறகு அதுவே தீவுகளுக்கும் பெயரானது.

1982ல் இந்தத் தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் பிரிட்டனும் மோதிய போரின்போது அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸ் தெருக்களில் அத்தனை பேர் முழங்கியது, வேரைப் பார்த்தால் ஒரு பிரிட்டனித் துறவியின் பெயரைத்தான். போர் வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் போவது எனக்கு வருத்தம். பிரான்சில் அவர் பெயர் இன்னும் குடும்பப் பெயராகவும் இருக்கிறது, ஆண் குழந்தைகளுக்கு மாலோ என்று இப்போதும் பெயர் வைக்கிறார்கள்.

எழுதும்போது ஐ.நா. வழியைப் பின்பற்றலாம். அதன் ஆங்கில ஆவணங்களில் ஃபாக்லாந்து என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் மால்வினாஸ் என்று சேர்ப்பார்கள். ஸ்பானிய ஆவணங்களில் மால்வினாஸ் முதலில் வரும்.