கம்ப்யூட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

காரைக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வீட்டில் விண்டோஸ் 10, ஆபீஸ் 2016. விண்டோஸ் 11-க்கு இந்தக் கம்ப்யூட்டர் ஒத்துவராது என்று திரையில் வருகிறது. கடைக்காரர், ‘இனி இது வேலை செய்யாது, 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், புதுசு 38,000’ என்கிறார். என்ன செய்வது?

முதலில், 3,000 ரூபாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள் சார்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது, அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இலவச அப்டேட் வழக்கம்போல வராது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் அதிலேயே பேங்க் வேலையும் பார்க்கிறீர்கள் என்றால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. (2015-ல் ‘இதுதான் கடைசி விண்டோஸ்’ என்று விண்டோஸைச் செய்கிற மைக்ரோசாஃப்ட் கம்பெனி ஆளே மேடையில் சொன்னார். என்னத்தைச் சொல்ல!)

நீங்கள் அனுப்பிய போட்டோவில் பிராசஸர் ஐ5-8400 என்று இருக்கிறது. கோடுக்கு அப்புறம் வரும் 8-தான் தலைமுறை. இன்டெல்லில் எட்டிலிருந்து மேலே என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏறும். பின்னே ஏன் முடியாது என்கிறது? டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உங்கள் போர்டில் அணைந்து கிடக்கும், அதுதான் முக்கால்வாசி நேரம் காரணம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்னால் இருக்கும் அடிப்படை செட்டிங் திரை) போனால் ‘பிடிடி’ (PTT) என்று ஒரு வரி இருக்கும், அதை ஆன் பண்ணினால் பெரும்பாலும் போதும். கம்ப்யூட்டர் கிளம்பும் பூட் முறை ‘லெகசி’ (Legacy, பழைய முறை) என்றிருந்தால் மட்டும் நீங்களாகக் கைவைக்க வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். இந்த ஒரு ஸ்விட்ச் விஷயத்தைத் திரையிலேயே நாலு வார்த்தையில் பளிச்சென்று சொல்லியிருந்தால் எத்தனை நல்ல கம்ப்யூட்டர்கள் பழைய இரும்புக்குப் போகாமல் தப்பியிருக்கும்!

சரி, ஏற்றும்போது ‘அப்கிரேட்’ என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடும் ‘ஃபார்மட்’ என்ற வார்த்தையை மெக்கானிக் எடுத்தாலே கையைப் பிடியுங்கள். ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால் அப்கிரேட் இலவசம், ஃபைல்களும் அப்படியே இருக்கும்.

உங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் இருபது வருஷமாகப் பழைய தமிழ் ஃபாண்டில் அடித்த கட்டுரைகள் வைத்திருக்கிறீர்கள். அந்த ஃபைலுக்குள் இருப்பது தமிழே இல்லை சார், ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ஃபாண்ட்தான் அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. ஃபார்மட் பண்ணி ஃபாண்ட் போய்விட்டால் திறந்ததும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக நிற்கும், ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று அதற்கும் ஒருவர் காசு கேட்பார். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றும்போது இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று நினைத்துக் குதறிவிடலாம், அதனால் மூலத்தை அழிக்காமல் ஒவ்வொரு கட்டுரையாகப் படித்துப் பாருங்கள். இனி புதிதாக அடிக்கத் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, 2019 மே அப்டேட்டிலிருந்து. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம்.

ஆபீஸ் 2016-க்கும் அதே நாளில்தான் ஆதரவு முடிந்தது. ‘ஆபீஸ் கீ 500 ரூபாய், லைஃப்டைம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் தொடாதீர்கள். பல நேரம் அது ஒரு கிராக் (பூட்டை உடைக்கும் திருட்டு மென்பொருள்), ‘ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடுங்கள்’ என்பார்கள், திருடனுக்காக நாயைக் கட்டிப்போடுகிற மாதிரி. கடிதம், கட்டுரைக்கு இலவச லிப்ரே ஆபீஸ் தாராளம். மெனு இடம் மாறியிருக்கும், பத்து நாள் எரிச்சலாக இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்னால், இன்றைக்கே, கட்டுரைகளையும் அந்த ஃபாண்ட் ஃபைலையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து பீரோவில் வையுங்கள். மெக்கானிக் கையில் கொடுக்காதீர்கள்.