மீள்கட்டமைப்பு பாதியில் நிற்கிறது: ரெய்டு 5-ஆ, ரெய்டு 10-ஆ?

ரெய்டு 5-லேயே இருப்பதா, ரெய்டு 10-க்கு மாறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். (ரெய்டு என்பது பல வட்டுகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் காக்கும் அமைப்பு.) ரெய்டு 10-க்கு மாறிவிடுங்கள். உங்கள் நான்கு 8 டெராபைட் வட்டுகளில் ரெய்டு 5 தரும் 24-க்குப் பதில் 16 டெராபைட்தான் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதில் ஓடுவது கணக்குத் தரவுத்தளம். ரெய்டு 5-இல் தரவோடு, அதை மீட்க உதவும் சரிபார்ப்புத் தகவலையும் புதுப்பிக்க வேண்டும்; அதனால் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் இரண்டு வாசிப்பு, இரண்டு எழுதுதல். ரெய்டு 10-இல் வட்டுகள் ஜோடி ஜோடியாக ஒரே தரவை வைத்திருக்கும்; இரண்டு எழுதுதலோடு வேலை முடிந்தது.

பழுதான வட்டை மாற்றிய பிறகும் மீள்கட்டமைப்பு (மற்ற வட்டுகளைப் படித்துப் புதிய வட்டை நிரப்பும் வேலை) பாதியில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். புதிய வட்டைச் சந்தேகிக்க வேண்டாம். பழைய மூன்றில் ஒன்றில் படிக்க முடியாத செக்டர் (வட்டின் சிறு சேமிப்புப் பகுதி) இருக்கக்கூடும். மீள்கட்டமைப்பு அந்த மூன்றையும் முழுமையாக, 24 டெராபைட்டையும், படித்தாக வேண்டும். அதுவரை யாரும் தொடாத மூலைகள் அப்போதுதான் பல்லிளிக்கும்.

1. மீள்கட்டமைப்பை மறுபடி தொடங்காதீர்கள். தரவு இன்னும் படிக்கக் கிடைக்கும்போதே வேறு இடத்துக்கு நகலெடுங்கள்.

2. பிறகு ஒவ்வொரு வட்டின் ஸ்மார்ட் அறிக்கையிலும் (வட்டு தன் உடல்நலம் பற்றித் தானே தரும் பட்டியல்) 197-ஆம் எண்ணைப் பாருங்கள். நிலுவையிலுள்ள, அதாவது படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும், செக்டர்களின் எண்ணிக்கை அது. பூஜ்யமாக இல்லாத வட்டைக் கழற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ரெய்டு 10-இல் ஒரே ஜோடியின் இரு வட்டுகளும் போனால் எல்லாம் போய்விடும். எந்த இரண்டு போனாலும் தாங்க வேண்டுமென்றால் ரெய்டு 6. கொள்ளளவு அதே 16, எழுதும் வேகம் குறையும். எதைப் போட்டாலும் தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு மீட்டுத் தராது. அதற்குத் தனிக் காப்புநகல் வேண்டும், வேறொரு கணினியில்.