ஓ.ரி. (மேலதிக நேரக் கொடுப்பனவு) செலவைக் குறைக்க எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு வைக்கலாமா?

கேள்வி கேட்டவர் கணக்குக் கிளைக்குப் புதிதாக வந்தவர் போலிருக்கிறது. வருட ஓ.ரி. ஒதுக்கீடு ஜூனிலேயே முடியப் போகிறது, ஆளுக்கு மாதம் இத்தனை மணித்தியாலம் என்று வெட்டிவிடலாமா என்கிறார். வெட்டாதீர்கள். நான் வெட்டிப் பார்த்தவன்.

வன்னியில் ஒரு அரச அலுவலகத்தில் ஆறு வருடம் ஓ.ரி. பைல் என் மேசையில் இருந்தது. வரவு செலவுத் திட்டத்தில் 1002 என்ற செலவுக் குறியீட்டில் வரும் மேலதிக நேர, விடுமுறை நாள் கொடுப்பனவு. ஒரு வருடம் ஆகஸ்டில் காசு தட்டுப்பட்டதும், சாரதிகளுக்கு மாதம் 30 மணித்தியாலம்தான் என்று கடிதம் அடித்து மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். முதல் மாதம் செலவு குறைந்தது. இரண்டாம் மாதம் 20ஆம் திகதியோடு இரண்டு சாரதிகளுக்கு மணித்தியாலம் முடிந்துபோனது. பின்னேரம் வாகனம் எடுக்க ஆளில்லை, வாடகைக்கு வான் பிடித்தோம். வான் காசு வேறு தலைப்பில் போனதால் என் பைல் மட்டும் அழகாக இருந்தது. அடுத்த வருடம் கணக்காய்வு ஐயவினா (விளக்கம் கேட்கும் கடிதம்) வந்தது, வான் வாடகையைப் பற்றி.

அதற்குப் பிறகுதான் ரன்னிங் சாட்டுகளை, அதாவது வாகனங்களின் ஓட்டப் பதிவுகளை, ஒழுங்காக வாசித்தேன். அதுவரை அவற்றில் கிலோமீற்றரும் டீசலும் மட்டுமே பார்ப்பேன். வாசிக்க வைத்ததும் ஒரு மூத்த சாரதிதான். "சேர், நான் எத்தினை மணிக்குத் திரும்பினனான் எண்டு பாக்கிறியள். எத்தினை மணிக்கு என்னை வெளிக்கிட விட்டனீங்கள் எண்டும் பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். யாழ்ப்பாணப் பக்கம் கைதடியில் உள்ள மாகாண அலுவலகங்களுக்குப் பைல் கொண்டுபோன ஓட்டங்களில் அநேகமானவை பகல் 2 மணிக்குப் பிறகு தொடங்கியிருந்தன. முல்லைத்தீவிலிருந்து ஏ35 வழியாகப் பரந்தன், அங்கிருந்து ஏ9இல் ஏறி ஆனையிறவு தாண்டிப் போய்ச் சேர நூறு கிலோமீற்றர் அளவில் வரும். கந்தோர் முடிவது 4.15க்கு. கொடுத்துவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்துத் திரும்பினால் இரவு எட்டாகும். கடிதமோ காலையிலேயே தயார். கையெழுத்து வைப்பவர் கூட்டம் முடிந்து ஒன்றரைக்குத்தான் கதிரைக்கு வருவார். (ஈமெயிலில் அனுப்பலாமே என்பீர்கள். மூலப்பிரதி இல்லாமல் வவுச்சரைத் தொடமாட்டார்கள்.) கைதடி ஓட்டம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும், கையெழுத்து முதல் நாள் பின்னேரமே, வாகனம் காலை 8.30க்கு வெளியே என்று மாற்றினோம். அந்த ஓட்டங்களின் ஓ.ரி. ஏறக்குறைய இல்லாமலே போனது.

காவலாளிகளின் ஓ.ரி.க்குக் காரணம் வேறு, ஆளணி வெற்றிடம். மூன்று பேர் பார்க்கும் காவலை இரண்டு பேர் பார்த்தால் மூன்றாம் ஆளின் எட்டு மணித்தியாலம் ஓ.ரி.யாகத்தான் வரும். அதைத் தனிப் பட்டியலாகப் போட்டு, வெற்றிடம் நிரப்பக் கேட்கும் கடிதத்தோடு அனுப்புங்கள். சும்மா குந்தியிருந்து நேரம் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஐந்தரைக்குக் கைரேகை வைத்தார் என்று மெசின் சொல்லும், அதுவரை லெட்ஜர் முடித்தாரா பத்திரிகை வாசித்தாரா என்று சொல்லாது. அதனால் என்ன வேலைக்கு எத்தனை பேர் என்று கிளைத் தலைவர் முதலே எழுதித் தராவிட்டால் வவுச்சரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். வெள்ளத்துக்கு மட்டும் விலக்கு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் கிடந்தபோது யார் மணி பார்ப்பது? ஐப்பசி முதல் மார்கழி வரை மழை வரும், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும், ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. எல்லாம் கலண்டரில் இருப்பவை. அவற்றுக்குரிய பங்கை ஜனவரியிலேயே ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் மாதங்களுக்குப் பிரிக்க வேண்டும்.

இன்னொன்று, கணக்கை ரூபாயில் மட்டும் ஒப்பிடாதீர்கள். ஓ.ரி. அடிப்படைச் சம்பளத்திலிருந்து கணக்கிடப்படுவது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ரூபாயாக, கட்டம் கட்டமாக உயரும் என்று வந்தது. கணக்கிடும் முறை மாறாவிட்டால் அதே மணித்தியாலத்துக்குக் கூடுதல் காசு போகும். மாற்றினால் என்ன நடக்கும் என்பதை அந்த வருடமே வைத்தியரும் தாதியரும் போராட்டத்தில் இறங்கியபோது பார்த்தோம். மணித்தியாலத்துக்குத் தனிப் பதிவேடு வையுங்கள்.

கைதடி ஓட்டம் மாறி இரண்டு மாதத்தில் அந்த மூத்த சாரதி திரும்பவும் என் மேசைக்கு வந்தார். "சேர், ஓ.ரி.யை நம்பித்தான் வீட்டுக்கு லோன் எடுத்தனான்" என்றார். சம்பளத்தில் கழிவு போக அவர் கைக்கு வந்ததைப் பட்டியலில் பார்த்தேன். ஓட்டத்தை மாற்றியது சரிதான். ஆனால் மாற்றப்போவதை மூன்று மாதம் முன்பே அவரிடம் சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை.