முன் டயர் ஏன் ஒரு பக்கம் தேய்கிறது? கேள்வியும் பதிலும்

மாரி மழை விட்டு, குழி விழுந்த தெருக்களில் ஓடித் திரிந்த வாகனங்கள் எல்லாம் இப்போது முன் டயரைக் காட்டிக்கொண்டு கராஜுக்கு வருகின்றன. மட்டக்களப்பின் கல்லடியில் பல வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

களுவாஞ்சிக்குடி: அண்ணன், என்னுடையது அல்டோ. முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டை, வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கு. எலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிபார்ப்பது) செய்து நாலு மாதம்தான். டயரை மாற்றினால் சரியாகுமா?

தம்பி, இப்படியே மாற்றினால் புது டயரும் நாலு மாதத்தில் இதே கதிதான். முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். கம்பி வெளியே தெரிந்தால் மட்டும் கை வைக்க வேண்டாம். உள்ளங்கையைப் பட்டன்களின் (டயரின் மேல் இருக்கும் ரப்பர் கட்டைகளின்) மேல் வைத்து, வெளியிலிருந்து உள்ளே இழுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. உள்ளே போகும்போது வாள் பல்லைப் போலக் கீறி, வெளியே வரும்போது வழுக்கினால் சில்லுகளின் முன்பக்கம் விரிந்து நிற்கிறது. நாங்கள் டோ அவுட் என்பது இதைத்தான். மாறி இருந்தால், அதாவது வெளியே வரும்போது கீறினால், அது டோ இன். அப்போது தேய்வது வெளிப்பக்கம்.

சில்லு 3 மில்லிமீற்றர் திரும்பி நிற்பது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் டயரின் விட்டம் ஏறத்தாழ 560 மில்லிமீற்றர் என்று வையுங்கள். அந்த அகலத்துக்கு ஒரு சில்லு 3 மில்லிமீற்றர் திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 5 மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடும். மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஒருமுறை போனாலே டயர் 200 மீற்றர் தாரில் தேய்க்கப்பட்டுவிடும்.

சரி, நாலு மாதத்தில் ஏன் கெட்டது? ஆடிக்கொண்டிருக்கும் சாமானை வைத்துக்கொண்டு எலைன்மென்ட் செய்திருக்கலாம். மெஷின் பார்ப்பது நிற்கும் வண்டியை. ஓடும்போது தேய்ந்த புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர்) வளைந்து கொடுத்து, சில்லு தன்பாட்டுக்குத் திரும்பும். ஜக் போட்டு, ஸ்டாண்ட் வைத்து, சில்லைக் கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் டை ரொட் எண்ட் (சில்லைத் திருப்பும் கம்பியின் முனை) அல்லது அந்தக் கம்பியைத் தள்ளும் ஸ்டியரிங் ரெக்கைப் பாருங்கள். 12, 6 இல் பிடித்து ஆடினால் போல் ஜொயின்ட் அல்லது பெயரிங். சில்லைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் கிழிந்திருப்பது கையால் ஆட்டித் தெரியாது, லிவர் கம்பி கொடுத்து நெம்பித்தான் பார்க்க வேண்டும். முதலில் சாமான், பிறகுதான் எலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றச் சொல்லி யார் கேட்டாலும் நான் செய்வதில்லை.

அக்கரைப்பற்று: இடது முன் டயர் மட்டும் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கு. கீறவில்லை. போன மாதம் ஒரு குழியில் பலமாக விழுந்தது.

நானா, கீறாமல் ஒரு விளிம்பு மட்டும் வழவழப்பாகத் தேய்ந்தால் கேம்பரைத்தான், அதாவது சில்லு மேலும் கீழுமாகச் சரிந்து நிற்கும் அளவைத்தான், சந்தேகப்பட வேண்டும். சில்லின் தலை உள்ளே சரிந்து நிற்கிறது. பெரும்பாலான சிறிய கார்களில் கம்பனி விட்டபடி முன்னால் திருத்த முடிவது டோ ஒன்றைத்தான். கேம்பர் மாறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, குலுக்கலைத் தாங்கும் ஷொக் அல்லது லோயர் ஆர்ம். வளைந்ததை மாற்றாமல் டோவை மட்டும் பிடித்துத் தரச் சம்மதிக்க வேண்டாம். எலைன்மென்ட் செய்த இடத்தில் முன், பின் அளவுகள் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். இடதுக்கும் வலதுக்கும் கேம்பர் எவ்வளவு வித்தியாசம் என்று அதில் தெரியும்.

ஏறாவூர்: ஹைஏஸ் வேனை உயரம் குறைத்துக் கொஞ்சம் பதித்தோம். அதற்குப் பிறகு உள்பக்கம் தேயுது.

முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பியான டோர்ஷன் பாரைத் தளர்த்திப் பதித்திருப்பீர்கள். உயரம் மாறினால் கேம்பரும் டோவும் சேர்ந்து மாறும். பழைய உயரத்துக்குத் தூக்கிவிட்டு எலைன்மென்ட் செய்யுங்கள்.

சம்மாந்துறை: டயர் நடுவில் மட்டும் தேயுது.

காற்று கூடிவிட்டது. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. சாரதிக் கதவின் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, காலையில் ஓட முன், டயர் சூடாகாத நேரத்தில் அடியுங்கள்.

நாவற்குடா: எலைன்மென்ட் செய்த பிறகு கார் நேராகத்தான் போகுது, ஆனால் ஸ்டியரிங் சரிந்து நிற்குது. இது ஆபத்தா அண்ணா?

தங்கச்சி, உடனே ஆபத்து இல்லை, ஆனால் வேலை அரைகுறை. நம்முடைய கடற்கரைப் பக்கம் இது அடிக்கடி வரும். உப்புக்காற்றில் டை ரொட்டின் லொக் நட் துருப்பிடித்து இறுகிவிடும். ஒரு பக்கம் கழராவிட்டால், கழன்ற பக்கத்தை மட்டும் திருப்பி மொத்த அளவைச் சரிக்கட்டிவிடுவார்கள். டோ சரியாக இருக்கும், ஸ்டியரிங் சரிந்துவிடும். முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டால் கழரும். திரும்பக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

கொக்கட்டிச்சோலை: டயரில் இடையிடையே பள்ளம் பள்ளமாக இருக்கு. ஓடும்போது ஹூம் என்று சத்தம்.

ஷொக் செத்திருக்கும், அல்லது சில்லு பெலன்ஸ் (எடைச் சமநிலை) இல்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெயரிங்கை மாற்றிக் காசை விட்டவர்கள் உண்டு. டயரைப் பின்னுக்கு மாற்றி ஓடிப் பாருங்கள். சத்தமும் பின்னுக்குப் போனால் டயர்தான்.

அம்பாறை: ஆட்டோவுக்கும் எலைன்மென்ட் உண்டா?

முன்னால் ஒரு சில்லுதான், அதனால் டோ என்ற பேச்சு முன்னுக்கு இல்லை. றிம் நெளிவு, பெயரிங், முன் ஆர்ம் வளைவு மூன்றையும் பாருங்கள். பின் சில்லுகள் நேராக இல்லாவிட்டாலும் முன் சில்லு சரிந்துதான் ஓட வேண்டிவரும்.

செங்கலடி: உள்பக்கம் கம்பி லேசாகத் தெரியுது. அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை போய்வந்து மாற்றலாமா?

வேண்டாம் தம்பி. மஹியங்கனை தாண்டினால் 18 வளைவு. இறங்கும்போது முன் டயரில்தான் பாரம். காசு முடை என்றால் இரண்டு டயரும் நல்ல நிலையில் உள்ள வாகனமொன்றைக் கேட்டு எடுங்கள், அல்லது பஸ்ஸில் போங்கள். பழைய டயர் வாங்கப் போனால் டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2321 என்றால் 2021 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம் செய்தது. காடிக்குள் சின்ன மேடு இருக்கும், அது 1.6 மில்லிமீற்றர். பட்டன் அதோடு சமமாகிவிட்ட டயரை யாரும் இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். வந்ததும் வண்டியைக் கொண்டுவாருங்கள், டை ரொட்டை முதலில் பார்ப்போம்.