ஆறு ஏறிய நீராவி

கேள்வி: எங்கள் கிணற்றில் கவலை (மாடு இழுத்து நீர் இறைக்கும் தோல் சால்) ஓட்டியதைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். நீராவி கொண்டு பாசனத்துக்கு நீர் இறைத்தார்களா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: இறைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் மில்டுராவில், மரே ஆற்றங்கரையில் உள்ள சைக்கி பெண்ட் நீரேற்று நிலையம் 1891 முதல் 1959 வரை இயங்கியது. கனடாவில் பிறந்த ஜார்ஜ் சாஃபி, கப்பல்களுக்குரிய மும்முறை விரிவு எஞ்சினை மையவிலக்குப் பம்புகளோடு இணைத்து வடிவமைத்தபோது, அதைச் செய்து தரவேண்டிய இங்கிலாந்தின் பர்மிங்காம் டாங்கீஸ் நிறுவனம், அது வேலை செய்யுமா என்று தயங்கி, வடிவமைப்பு சாஃபியுடையது என்று பெயர்ப்பலகையிலேயே பொறித்துவிட்டுத்தான் அனுப்பியது. அந்த எஞ்சினோ அறுபத்தெட்டு ஆண்டுகள் உழைத்தது! கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய உருளையில் (சிலிண்டரில்) உந்துதண்டைத் தள்ளி, அழுத்தம் குறைந்தபின் நடுத்தர உருளையிலும், கடைசியாகப் பெரிய உருளையிலும் விரிந்து வேலை செய்வதால், ஒரே விறகுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது. ஆற்றுநீர் கிங்ஸ் பில்லபாங் என்னும் நீர்நிலைக்கு ஏறி, அங்கிருந்து மேட்டு வாய்க்கால்களுக்கு மீண்டும் இறைக்கப்பட்டது.

நம் பாலாறோ பெரும்பாலும் மணல். நீர் அடியில் ஓடுகிறது. ஊற்றுக்கால்களையும் (மணலடி ஊற்றுநீரைக் கொண்டுவரும் வாய்க்கால்கள்) சிதறிய கிணறுகளையும் நம்பிய நம் வட்டாரத்துக்கு அத்தனை பெரிய எஞ்சின் பொருந்தாது என்பதே என் கருத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் ஊக்குவித்த எண்ணெய் எஞ்சின்தான் கிணற்றின் அளவுக்கு ஏற்றதாக இருந்தது. உங்கள் கிணற்று மேட்டில் கவலைக் கயிறு தேய்த்த தடம் கல்லில் இன்னும் இருந்தால், அதைப் படமெடுத்து அனுப்புங்கள்.