ஸ்பானியத் தேர்வுக்கு ஒரு கிழமை: கேள்வி-பதில்

திருகோணமலையில் ஸ்பானியம் படிக்கிறவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. விடுதியில் வேலை செய்கிறவர்கள், சுற்றுலாக்காரரைப் படகில் கூட்டிப்போகிறவர்கள், உயர்தரம் எழுதிவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காதவர்கள் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். அநேகமாக எல்லோருக்கும் ஏ1 எனப்படும் தொடக்க நிலைத் தேர்வு. ஸ்பானியச் சொற்களை லத்தீன் அமெரிக்க உச்சரிப்புக்குக் கிட்டத் தந்திருக்கிறேன். நான் இந்த மொழியைப் பிடித்ததே கப்பலில் வேலை செய்த காலத்தில், பெரு நாட்டின் கயாவோ துறைமுகத்து ஆட்களிடமிருந்துதான்.

“நிலையானதற்கு ‘செர்’, தற்காலிகமானதற்கு ‘எஸ்தார்’ என்று படித்தேன். பயிற்சித்தாளில் பாதிக்கு மேல் பிழை. ஏன்?” (விடுதி ஊழியர், உப்புவெளி)

செர், எஸ்தார் இரண்டுமே ‘இரு’ என்பதற்கு ஸ்பானியத்தில் உள்ள வினைகள். பிழை உங்களில் இல்லை, அந்த விதியில். கோணேசர் கோயில் சுவாமி மலையில் இருக்கிறது. நாளைக்கு அது நிலாவெளிக்கு நடந்துபோகாது. (1622இல் போர்த்துக்கேயர் இடித்தது வேறு கதை.) ஆனாலும் ஸ்பானியத்தில் ‘எல் தெம்ப்லோ எஸ்தா...’ என்றுதான் தொடங்க வேண்டும். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொன்னால் எஸ்தார். அது நகருமா நகராதா என்பது கணக்கில்லை. செத்துப்போனவரைக்கூட ‘எஸ்தா முவெர்தோ’ என்கிறார்கள். சாவை விடவா ஒரு நிரந்தரம்?

எது வரும் என்று தெரியாவிட்டால், சொல்லவந்த வசனத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நான் தமிழன்’, ‘அவர் டொக்டர்’, ‘இது என்னுடைய வீடு’. எங்கேயும் ‘இரு’ வரவில்லை, அங்கே செர். ‘களைப்பாக இருக்கிறேன்’, ‘கடற்கரையில் இருக்கிறேன்’. இங்கே எஸ்தார். ‘சோய் தமில்’, ‘எஸ்தோய் கன்சாதோ’. பெண் என்றால் ‘கன்சாதா’.

இது சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘வீடு பெரிதாக இருக்கிறது’ என்றும் நாம் சொல்வோம். ஸ்பானியத்தில் அது ‘லா காசா எஸ் கிராந்தே’, அதாவது செர். அப்படி வந்தால், இது அதன் இயல்பா, இப்போதைய நிலையா என்று கேளுங்கள். இயல்பென்றால் செர். மற்றது ‘ஆய்’. அது நம்முடைய ‘உண்டு’. ‘ஆய் பான்?’ என்றால் ‘பாண் உண்டோ?’ என்று கடையில் கேட்பதுதான்.

“எனக்கு இங்கிலிஷ் மட்டம். செயலியோ எல்லாவற்றையும் இங்கிலிஷில் விளக்குகிறது. என்னால் சித்தியடைய முடியுமா?” (கிண்ணியா)

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்தேன், தம்பி. இங்கிலிஷைச் சுற்றி ஏன் போகிறீர்கள்? உங்கள் வீட்டு வாசலில் இருந்தே ஸ்பானியத்துக்கு நேர் ரோட்டு இருக்கிறது.

‘எனக்கு மீன் பிடிக்கும்’ என்பது ‘மே குஸ்தா எல் பெஸ்காதோ’. ‘மே’ என்றால் ‘எனக்கு’. பிடிப்பது மீன், அதனால் வினை மீனோடு போகும். பல மீன் என்றால் ‘மே குஸ்தான்’. இங்கிலிஷ் வழியாகப் படிக்கிறவர்கள் ‘நான்’ என்று தொடங்கி, கடைசியில் வசனத்தைத் தலைகீழாகப் புரட்ட மாதக்கணக்கில் பாடுபடுகிறார்கள். நமக்குப் புரட்ட ஒன்றுமில்லை. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ அப்படியே ‘மே துவேலே லா கபேசா’.

அப்புறம் ‘நான்’, ‘நீ’. ‘நாளைக்கு வருகிறேன்’ என்றாலே யார் வருவது என்று தெரியும். வினையின் வால் சொல்லிவிடும். ஸ்பானியத்திலும் அப்படித்தான்: ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார், பேசுகிறோம், பேசுகிறார்கள். ஒவ்வொரு வசனத்திலும் ‘யோ’ போட்டால், ஒவ்வொரு வசனத்திலும் ‘நான் நான்’ என்று தமிழ் பேசுகிறவரைப் போல இருக்கும்.

‘சாப்பிடப் போகிறேன்’ என்பது ‘வோய் ஆ கொமேர்’. எதிர்காலத்துக்கு அங்கேயும் ‘போ’தான் வருகிறது. ஏ1 தேர்வில் எதிர்காலம் சொல்ல இந்த ஒன்றே காணும்.

இன்னொன்று, பாடப்புத்தகங்கள் ஒரு பக்கம் முழுக்க விளக்கும் அந்தச் சின்ன ‘ஆ’. ‘மீன் வாங்கினேன்’ என்போம், ‘ஐ’ இல்லாமல். ஆனால் ‘நண்பன் பார்த்தேன்’ என்போமா? ‘நண்பனைப் பார்த்தேன்’தான். ஆளென்றால் ‘ஐ’ கட்டாயம். ஸ்பானியத்திலும் ‘கொம்ப்ரோ பெஸ்காதோ’, ஆனால் ‘வேயோ ஆ மி அமீகோ’. அந்த ‘ஆ’ நம்முடைய ‘ஐ’யின் வேலையைத்தான் பார்க்கிறது.

வயது மட்டும் கவனம். ‘தெங்கோ பெய்ந்தே ஆஞோஸ்’, அதாவது ‘இருபது வருடம் வைத்திருக்கிறேன்’. பசி, தாகம், குளிர், பயம் எல்லாம் இந்த ‘தெங்கோ’வோடுதான். இங்கே தமிழும் உதவாது, பாடமாக்க வேண்டியதுதான்.

“மேசை எப்படிப் பெண்ணாகும்? ஆண்பால், பெண்பால் மனதில் நிற்கவே இல்லை.” (திருகோணமலை நகரம்)

காரணம் தேடாதீர்கள், கிடைக்காது. நமக்கு அஃறிணையில் ஒன்றன்பால், பலவின்பால்தான் பழக்கம். அதனால் இது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ‘மேசா’ என்று தனியாக எழுதிப் படித்திருப்பீர்கள். அதுதான் கோளாறு. பெண்பாலுக்கு முன்னால் ‘லா’, ஆண்பாலுக்கு முன்னால் ‘எல்’: ‘லா மேசா’, ‘எல் லிப்ரோ’ என்று ஒட்டியே எழுதி ஒட்டியே சொல்லுங்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளை ‘லா’ சொற்களைச் சிவப்புப் பேனையாலும் ‘எல்’ சொற்களை நீலத்தாலும் எழுதினாள். தேர்வில் சொல் ஞாபகம் வராவிட்டாலும் நிறம் ஞாபகம் வந்ததாம்.

‘ஓ’வில் முடிந்தால் ஆண், ‘ஆ’வில் முடிந்தால் பெண் என்ற விதி பெரும்பாலும் சரி. பிடிவாதக்காரர்கள் சிலர்: எல் தியா, எல் மாபா, எல் ப்ரொப்ளேமா, லா மானோ, லா ஃபோதோ. இவை தேர்வுத்தாளில் வராமல் இருந்தால்தான் அதிசயம். ‘சியோன்’, ‘தாத்’ என்று முடிகிறவை பெண்: லா எஸ்தாசியோன், லா சியுதாத்.

“மகன் ‘ஆனோஸ்’ என்று எழுதினான், மிஸ் சிரித்துவிட்டாராம். ஏன்?” (ஒரு தாய், பாலையூற்று)

‘n’ எழுத்தின் மேல் உள்ள வளைவுக் கோட்டை விட்டிருப்பான். அந்தக் கோடு போட்டால் அது நம்முடைய ஞ: ‘ஆஞோ’, வருடம். கோடு இல்லாத ‘ஆனோ’ உடம்பில் நாம் உட்காரும் பக்கத்து ஓர் உறுப்பு. இனி மறக்கமாட்டான், விடுங்கள்.

“கேட்டல் பகுதியில் விலையும் நேரமும் வந்தால் எல்லாம் குழம்புகிறது.” (நிலாவெளி)

குழப்புவது முக்கியமாக ஒரு சோடி: ‘செசெந்தா’ 60, ‘செதெந்தா’ 70. நடுவில் ‘ச’வா ‘த’வா என்று மட்டும் காதை வையுங்கள். ‘ச’ என்றால் ஆறின் (செய்ஸ்) வீடு, ‘த’ என்றால் ஏழின் (சியெதே) வீடு. நேரத்துக்கு, ஒரு மணி மட்டும் ஒருமை, ‘எஸ் லா ஊனா’. மற்றதெல்லாம் ‘சோன் லாஸ்...’. இரண்டரை ‘லாஸ் தோஸ் ஈ மேதியா’.

பயிற்சிக்கு ஒரு வழி: பஸ்ஸில் போகும்போது முன்னால் போகிற வாகனங்களின் இலக்கத் தகட்டைப் ஸ்பானியத்தில் வாசியுங்கள். முதலில் ஒவ்வோர் இலக்கமாக, பிறகு இரண்டிரண்டாக. வாயை அசைத்தால் பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்ப்பார். பரவாயில்லை.

“டெலே ஏ1 தேர்வில் பேச்சுப் பகுதியில் தோற்றாலும் மற்றதில் சமாளிக்கலாமா?” (மூதூர்)

டெலே என்ற ஸ்பானியச் சான்றிதழ்த் தேர்வில் அது முழுதாக முடியாது. வாசிப்பும் எழுத்தும் ஒரு கூட்டு, கேட்டலும் பேச்சும் மற்றக் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் 50 புள்ளி. ஒவ்வொன்றிலும் 30 எடுக்க வேண்டும். எழுத்து மிக நன்றாக வந்தாலும் பேச்சைத் தூக்கிவிடாது, கேட்டல்தான் தூக்கும். பரீட்சகரை ‘உஸ்தெத்’ என்று கூப்பிடுங்கள், அது நம் ‘நீங்கள்’. ஆனால் வினை ‘அவர்’ வால் எடுக்கும்: ‘உஸ்தெத் ஆப்லா’.

“இரண்டே நாள் இருக்கிறது. சொற்கள் ஒன்றும் ஏறவில்லை.” (உயர்தரம் முடித்தவர், திருகோணமலை)

புதுச் சொல் படிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தெரிந்ததை எண்ணுங்கள், நினைப்பதை விடக் கூட இருக்கும். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள் நம் வீட்டில் நிறைய, ஸ்பானியமோ போர்த்துக்கேயத்தின் கூடப்பிறந்த மொழி. பாண் ‘பான்’, மேசை ‘மேசா’, சப்பாத்து ‘சபாதோ’, அலுமாரி ‘அர்மாரியோ’. எல்லாம் ஒத்துவராது: கதிரை ‘சீயா’, ஜன்னல் ‘வெந்தானா’. சமையலறையில் நின்று கண்ணில் படுவதை எல்லாம் ‘எல்’, ‘லா’ சேர்த்து ஒருதரம் சொல்லுங்கள். பிறகு படுக்கையறை, பிறகு தெரு.

கடைசியாக மீன் சந்தைக்கும் போகலாம். கடலில் நீந்துகிற மீன் ‘பெஸ்’, பிடித்துப் பலகையில் போட்ட மீன் ‘பெஸ்காதோ’. பாரை நீந்தினாலும் தராசில் கிடந்தாலும் நமக்கு மீன்தான். அவர்களுக்கு வலைதான் எல்லை. உணவகப் பகுதியில் ‘பெஸ்’ என்று எழுதினால் தட்டில் இருப்பது இன்னும் நீந்திக்கொண்டிருக்கும்.